36 என்றொரு பதில்: ஒரு மாகாண எம்.எல்.ஏ.வின் கேள்வி என்ன செய்தது?

இன்னிக்கு ஒரே ஒரு எண்ணைப் பிடிச்சுக்கிட்டுப் போகப் போறோம். அந்த எண் 36.

2016 செப்டம்பர் 13. தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாகாணப் பேரவை. (எழுதும்போது 'க'ல ஆரம்பிச்சாலும் அந்த ஊர்க்காரங்க 'ஹௌடெங்'னுதான் சொல்வாங்க.) ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா ரெண்டும் இந்த மாகாணத்துக்குள்ளதான் இருக்கு. பரப்பளவில் நாட்டிலேயே சின்னது, மக்கள்தொகையில் பெரியது. அன்னிக்கு எதிர்க்கட்சி உறுப்பினர் ஜாக் புளூம் கேட்ட கேள்விக்கு மாகாண சுகாதார அமைச்சர் கெடானி மஹ்லங்கு பதில் சொன்னார். லைஃப் எசிடிமெனி என்ற மனநல இல்லத்திலிருந்து வேற இடங்களுக்கு மாற்றப்பட்ட நோயாளிகளில் 36 பேர் இறந்துட்டாங்க. இதுதான் பதில்.

அதுவரைக்கும் பொதுவெளியில் யாரும் இப்படி ஒரு எண்ணைச் சொல்லல. குடும்பங்களுக்கு அவங்கவங்க வீட்டு சாவு தெரியும், சிலருக்கு அதுவும் தெரியாது. ஆனா இது மொத்தமா எவ்வளவு பெருசுன்னு யாருக்கும் தெரியாது.

கொஞ்சம் பின்னாடி போவோம். லைஃப் எசிடிமெனிங்கிறது ஒரு தனியார் நிறுவனம். நீண்ட காலப் பராமரிப்பு தேவைப்படும் மனநோயாளிகளை அது பார்த்துக்கும், மாகாண அரசு பணம் கொடுக்கும். பல வருஷமா ஓடிக்கிட்டிருந்த இந்த ஒப்பந்தத்தை நிறுத்தப் போறோம்னு 2015 அக்டோபரில் மஹ்லங்கு அறிவிச்சார். சொன்ன காரணங்களில் முக்கியமானது செலவு. லைஃப் எசிடிமெனியில் ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு சுமார் 320 ராண்ட் ஆச்சு. புதுசா எடுத்துக்கப் போற தொண்டு நிறுவனங்களுக்குத் தரப்பட்டது 112 ராண்ட். மூணுல ஒரு பங்கு பணத்தில் அதே ஆளை அதே மாதிரி பார்த்துக்க முடியுமான்னு கேட்க மருத்துவப் படிப்பெல்லாம் வேண்டாம்.

கேட்கவும் செஞ்சாங்க. மனநல மருத்துவர்கள் எச்சரிச்சாங்க, குடும்பங்கள் எதிர்த்தாங்க, அமைப்புகள் கோர்ட்டுக்கே போனாங்க. 2016 மார்ச்சில் இடமாற்றத்தை நிறுத்தச் சொல்லிப் போட்ட மனு தள்ளுபடியாச்சு. ஜூன் இறுதிக்குள்ள 1,500க்கும் மேற்பட்டவங்க மாற்றப்பட்டாங்க. சிலர் மருத்துவக் குறிப்பு இல்லாம போனாங்க, சிலரோட குடும்பத்துக்குத் தகவலே போகல. தொண்டு நிறுவனங்கள் நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த விதத்தைப் பின்னாடி வந்த விசாரணை அறிக்கை மாட்டுச் சந்தையோடு ஒப்பிட்டுச்சு.

இப்போ கேள்விக்கு வருவோம்.

தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்புச் சட்டத்தில் 133ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. மாகாண அமைச்சர்கள் தனித்தனியாவும் கூட்டாவும் பேரவைக்குப் பதில் சொல்லியாகணும், தங்கள் பொறுப்பில் உள்ள விஷயங்களைப் பத்தி முழுமையான தகவலைத் தொடர்ந்து கொடுத்தாகணும்னு அது சொல்லுது. இந்த வாசகம் நடைமுறைக்கு வர்ற வழிகளில் ஒண்ணுதான் உறுப்பினர் கேள்வி. அதில் ரெண்டு வகை. ஒண்ணு, அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்றது. இன்னொண்ணு, எழுத்துப்பூர்வமா கேட்டு எழுத்துப்பூர்வமா பதில் வாங்குறது.

டிவியில் பார்க்க முதல் வகைதான் நல்லா இருக்கும். சத்தம், கைதட்டல், மேஜை தட்டல் எல்லாம் இருக்கும். ஆனா என்னைக் கேட்டா, அமைச்சரை உண்மையிலேயே தூங்க விடாதது ரெண்டாவது வகை. எழுத்துக் கேள்வியில் பேச்சுத்திறமைக்கு வேலையே இல்ல. "ஒவ்வொரு மருத்துவமனையிலும் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போர் எத்தனை பேர்? எத்தனை மாதமாக? எத்தனை லிஃப்ட் வேலை செய்யவில்லை, எந்தத் தேதியிலிருந்து?" இப்படித்தான் இருக்கும். படிக்கவே போர் அடிக்கும். புளூம் 1994லேருந்து இந்தப் பேரவையில் இருந்தவர், பல வருஷம் இதே மாதிரி கேள்விகளை விடாம அனுப்பிக்கிட்டே இருந்தார். காத்திருப்போர் பட்டியல், கெட்டுப்போன லிஃப்ட், மருத்துவ அலட்சியத்துக்குக் கட்டின நஷ்டஈடுன்னு வந்த பதில்களை எல்லாம் அறிக்கையா வெளியிடுவார், பத்திரிகைகள் எடுத்துப் போடும்.

இப்படி ஒரு கேள்வி போனா உள்ள என்ன நடக்கும்? பேரவைச் செயலகம் அதைத் துறைக்கு அனுப்பும், துறை தலைமை அலுவலகம் மருத்துவமனைகளுக்கு அனுப்பும். அங்க யாரோ ஒருத்தர் உட்கார்ந்து எண்ணணும். எண்ணினது மறுபடி மேல வந்து, அமைச்சர் பேரில் பதிலாப் போகும். என் வேலையில் இதை நான் தினமும் பார்க்குறேன். ஒரு சிஸ்டத்தில் எதுக்கு லாக் எழுதலையோ அது நடந்ததுக்கான தடயமே இருக்காது. யாராவது ரிப்போர்ட் கேட்டாதான் "அட, இதை நாம கணக்கே வைக்கலையே"ன்னு தெரியவரும். அரசுத் துறையும் அப்படித்தான். கேள்வி பதிலை மட்டும் கொண்டு வரல, எண்ணாம விட்டதை எண்ணவும் வைக்குது.

சரி, அப்போ 36 சரியான எண்ணா? இல்ல.

அந்தப் பதிலுக்கு அப்புறம் தேசிய சுகாதார அமைச்சர் ஆரோன் மொட்சோலெடி, சுகாதாரக் குறைதீர்ப்பாளர் மாலெகாபுரு மக்கோபாவிடம் விசாரணையை ஒப்படைச்சார். குறைதீர்ப்பாளர் பதவியே 2016லதான் செயல்பட ஆரம்பிச்சிருந்தது. 2017 பிப்ரவரி 1ஆம் தேதி அவரோட அறிக்கை வந்தது. மஹ்லங்கு அவையில் 36னு சொன்ன நாளிலேயே 77 பேர் இறந்திருந்தாங்கன்னு அதில் இருக்கு. அறிக்கை வரும்போது எண்ணிக்கை 94ஐத் தாண்டியிருந்தது. நோயாளிகளை எடுத்துக்கிட்ட 27 தொண்டு நிறுவனங்களில் ஒண்ணுக்குக்கூட செல்லுபடியாகும் உரிமம் இல்ல. அறிக்கை வெளிவந்த சமயத்திலேயே மஹ்லங்கு பதவி விலகிட்டார்.

"பொய்யான பதில் வந்திருக்கே, அப்போ கேள்வி தோத்துப்போச்சுதானே?"ன்னு சிலர் கேட்பீங்க. எனக்கு அப்படித் தோணல. அமைச்சர் அவையில் சொன்ன ஒரு எண், தேதியோட பதிவில் உட்கார்ந்துடுது. அதுக்கப்புறம் வர்ற ஒவ்வொரு எண்ணும் அதோட ஒப்பிடப்படும். 36க்குப் பதிலா "விவரங்கள் சேகரிக்கப்பட்டு வருகின்றன"ன்னு சொல்லியிருந்தா, 77ங்கிறது வெறும் சோகமான எண்ணா போயிருக்கும். 36னு சொன்னதாலதான் அது கேள்வியாச்சு: அமைச்சருக்குத் தெரியாதா, இல்ல தெரிஞ்சும் சொல்லலையா? ரெண்டுமே மோசம். துறையில் யாரும் சரியா எண்ணலைங்கிறது என் பார்வையில் இன்னும் மோசம்.

இன்னொரு ஆட்சேபம், இதுவும் நியாயமானதுதான். புளூம் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கூட்டணிக்காரர். அரசியல் லாபம் பார்த்துத்தானே கேட்டார்? இருக்கலாம். அப்போ 73 இடங்கள் இருந்த பேரவையில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்கு 40. ஓட்டெடுப்பு வெச்சா எதிர்க்கட்சி எதையும் ஜெயிக்க முடியாது, தீர்மானமும் நிறைவேறாது. ஆனா கேள்வி கேட்கப் பெரும்பான்மை தேவையில்ல. ஒத்தை ஆளா ஒரு உறுப்பினர் செய்யக்கூடிய வேலை அது. அவர் மனசுல என்ன இருந்தா என்ன, பதில் பொதுச்சொத்து. ஆளுங்கட்சி உறுப்பினர்களுக்கும் அதே உரிமை உண்டு. அதை வெச்சு அமைச்சர் பெருமை பேச வசதியா கேள்வி எடுத்துக் கொடுப்பது எல்லா ஊரிலும் நடக்குது, அது வேற கதை.

கேள்வியால் முடியாததையும் சொல்லிடணும். செப்டம்பர் 13க்கு முன்னாடி இறந்த யாரையும் அது காப்பாத்தல, கேள்வி எப்பவும் நடந்து முடிஞ்சதுக்குப் பின்னாடிதான் வருது. ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு பெரிய விஷயம் நடந்தது. தகுதியில்லாத இடங்களில் இருக்கும் நோயாளிகளை 45 நாளுக்குள் முறையான இடங்களுக்கு மாத்தணும்னு குறைதீர்ப்பாளர் பரிந்துரைச்சார், மாத்தவும் ஆரம்பிச்சாங்க. அந்த அறிக்கை வராம இன்னும் ஆறு மாசம் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு கணக்குப் போட எனக்குத் தைரியம் இல்ல.

2017 அக்டோபரில் ஓய்வுபெற்ற துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனெக்கே தலைமையில் நடுவர் விசாரணை தொடங்குச்சு. தாய்மார்கள், அக்கா தங்கச்சிகள், பிள்ளைகள் வந்து சாட்சி சொன்னாங்க. 2018 ஜனவரியில் மஹ்லங்குவும் சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து பதில் சொன்னார். பேரவையில் இருந்த நேரக் கெடு இங்க இல்ல, வழக்கறிஞர்கள் மடக்கி மடக்கிக் கேட்டாங்க. மார்ச் 19 அன்னிக்குத் தீர்ப்பு வந்தது. இறந்தவர்கள் 144 பேர். வழக்கில் இருந்த குடும்பங்களுக்குத் தலா 12 லட்சம் ராண்ட், அதில் 10 லட்சம் அரசியலமைப்பு உரிமை மீறலுக்காக.

அதுக்கப்புறம் மரண விசாரணை நீதிமன்றம். 2021ல ஆரம்பிச்சு 2024 ஜூலை 10 வரைக்கும் போச்சு. 144 மரணங்களில் ஒன்பதுக்கு மஹ்லங்குவும் மாகாண மனநலத் துறை இயக்குநராக இருந்த மக்காபோ மனமேலாவும் பொறுப்பாக்கப்படலாம்னு நீதிபதி மனோவா டெஃபோ சொன்னார். 144ல ஒன்பதுதானான்னு எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனா உயிர் ஒவ்வொண்ணுக்கும் காரணத்தைத் தனித்தனியா நிரூபிக்கணும்னா ஆவணம் வேணும். நோயாளிகளை அனுப்பும்போது தொலைஞ்சது அந்த ஆவணங்கள்தான்.

மொசெனெக்கே தீர்ப்பில் இன்னொரு எண்ணும் இருக்கு, இதைப் பத்திப் பெருசா யாரும் பேசுறதில்ல. 44. இறந்தவங்க பட்டியலிலும் இல்லாம, உயிரோடு இருக்கிறவங்க பட்டியலிலும் இல்லாம, எங்க இருக்காங்கன்னே அப்போ தெரியாத நோயாளிகளோட எண்ணிக்கை அது. பேர் என்ன, எந்தத் தேதியில் எந்த வண்டியில் எந்த இல்லத்துக்கு அனுப்பினாங்க, கடைசியா யார் பார்த்தாங்க? இந்தக் கேள்வியை எழுத நாலு வரி போதும்.