சுவிட்ச் மக்கர் பண்ணுதா? பழைய ரம்ப மெஷின் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு!

தூத்துக்குடியில் மரவேலை என்றதும் நினைவுக்கு வருவது தோணிதான். பழைய துறைமுகத்திலிருந்து காய்கறி, கட்டுமானப் பொருள்களை ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வரும் மரக்கலங்கள் அவை. அவற்றைக் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் ஓடாவிகள் எனப்படும் படகுத் தச்சர்களின் வேலை.

கை ரம்பமும் உளியும் வாய்ச்சியுமாக நடந்த இந்தத் தொழிலுக்குள் கரன்ட்டில் ஓடும் வட்ட ரம்பம் வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. கையில் பிடித்து அறுக்கும் மின் ரம்பத்தை 1920-களில் அமெரிக்காவில் உருவாக்கியவர் எட்மண்ட் மிஷெல். கரும்பு வெட்டும் வேலையைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. இன்று நம் ஊர்த் தச்சுப்பட்டறைகளிலும் அதே வகை மெஷின்தான் ஓடுகிறது.

ஃபைபர் படகுகள் பெருகி, மரவேலை குறைந்துபோன காலம் இது. புது மெஷின் வாங்க யோசிப்பவர்கள், பழசையே தட்டிக்கொட்டி ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டும்போது முதலில் தகராறு செய்கிற பாகங்களில் ஒன்று, விரலால் அழுத்தும் டிரிகர் சுவிட்ச்.

கடற்கரையில் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

சுவிட்சுக்குள் இருப்பது ஒரு ஸ்பிரிங்கும் சில உலோக முனைகளும்தான். அழுத்தினால் முனைகள் சேரும், மோட்டார் ஓடும். விட்டால் பிரியும், மோட்டார் நிற்கும்.

1,200 வாட்ஸ் மெஷின் ஒன்று 230 வோல்ட்டில் முழு பாரத்தில் ஓடும்போது சுமார் 5 ஆம்பியர் கரன்ட் எடுக்கும். ஸ்டார்ட் ஆகிற நொடியில் அதைப்போல பல மடங்கு எடுக்கும். ஒவ்வொரு முறை ஆன், ஆஃப் செய்யும்போதும் முனைகளுக்கு நடுவே சின்னதாகத் தீப்பொறி பறக்கும். நாளடைவில் முனை கருகிக் குழி விழும்.

தூத்துக்குடியில் இதோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. கடற்காற்றில் வரும் உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்மேல் வைத்துக்கொள்ளும். அந்த ஈர உப்பு உலோக முனையையும் வயர் இணைப்பையும் அரிக்கும். போதாததற்கு மரத்தூள் வேறு உள்ளே புகுந்து அடைக்கும். முனைகள் சரியாக ஒட்டாத இடத்தில் சூடு ஏறும், பிளாஸ்டிக் இளகும், கருகிய வாடை வரும்.

'டைரக்ட்' கொடுப்பது ஏன் ஆபத்து?

சுவிட்ச் போனால் சிலர் இரண்டு வயரையும் முறுக்கி டைரக்டாகக் கொடுத்துவிட்டு, சுவரிலுள்ள போர்டு சுவிட்சிலேயே மெஷினை இயக்குவார்கள். இன்னும் சிலர் டிரிகரை ரப்பர் டியூப்பால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். காசு மிச்சம்தான். ஆனால், மரத்தில் ரம்பம் சிக்கி மெஷின் பின்னால் எகிறும்போது, அதை நிறுத்தப் பத்தடி தள்ளியிருக்கும் போர்டுக்கு ஓட முடியாது. விரலை எடுத்ததும் கரன்ட் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் சுவிட்சைக் கைப்பிடியிலேயே வைத்திருக்கிறார்கள்.

கரன்ட் கட் இன்னொரு ஆபத்து. வேலை நடுவில் கரன்ட் போகிறது. மெஷினைத் தரையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். கரன்ட் திரும்பி வந்ததும், டைரக்ட் கொடுத்த மெஷின் தானாகவே சுழல ஆரம்பித்துவிடும். பக்கத்தில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

முத்துக்குளித்துறை என்றே பேரெடுத்த கரை இது. 1961-ஆம் ஆண்டோடு பெரிய முத்துக்குளிப்புகள் நின்றுபோயின. அதுவரை கடலுக்குள் மூழ்கியவரின் உயிர், மேலே படகில் கயிறு பிடித்திருந்தவரின் கையில் இருந்தது. சைகை கிடைத்ததும் தூக்கியாக வேண்டும். ரம்பம் பிடிப்பவருக்கு அந்தக் கயிறு, டிரிகர் சுவிட்ச்தான்.

உண்மையிலேயே சுவிட்சுதானா?

மெஷின் ஓடவில்லை என்றதும் சுவிட்ச் மேல் பழி போட வேண்டாம். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அடுத்து பிளேடைக் கழற்றி வைத்துவிடுங்கள். பிறகு வரிசையாகப் பாருங்கள்.

* வயர்: கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருக்கலாம். மல்டிமீட்டரை 'பீப்' சத்தம் வரும் இடத்தில் வைத்து, பிளக் முனையிலிருந்து சுவிட்ச் வரை சோதியுங்கள். வயரை ஆட்டும்போது சத்தம் விட்டு விட்டு வந்தால் வயர்தான் குற்றவாளி.
* கார்பன் பிரஷ்: தேய்ந்து கட்டையாகியிருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும்.
* சுவிட்ச்: அழுத்தாதபோது சத்தம் வரக்கூடாது, அழுத்தினால் வர வேண்டும். உள்ளே வரும் வயரும் வெளியே போகும் வயரும் இரண்டு ஜோடியாக இருந்தால், இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். அழுத்தாமலே சத்தம் வந்தால் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டன என்று அர்த்தம். அந்த மெஷினை அதன்பிறகு ஒரு நொடிகூட ஓட்டக்கூடாது.

மாற்றும்போது...

வயர்களைக் கழற்றும் முன் செல்போனில் இரண்டு, மூன்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வயர் எந்தக் காலில் இருந்தது என்ற குழப்பம் வராது.

பழைய சுவிட்சையே கையில் எடுத்துக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போவது நல்லது. கால்களின் எண்ணிக்கை, அளவு, லாக் பட்டன் இருக்கிறதா என்பதோடு, மேலே அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் எண்களையும் பாருங்கள். புது சுவிட்சின் ஆம்பியர் பழையதைவிடக் குறைவாக இருக்கவே கூடாது.

மரத்தூள் மட்டும்தான் பிரச்னை என்றால் காற்றடித்து, கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்தாலே சில சுவிட்சுகள் சரியாகிவிடும். பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவாதீர்கள். தீப்பொறி பறக்கும் இடம் அது. கருகிய முனையை உப்புத்தாளால் தேய்ப்பதும் சில நாள்களுக்குத்தான் தாங்கும். மேல்பூச்சு போய்விட்டால் இன்னும் வேகமாகக் கருகும்.

மெஷின் மேல் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால், அது இரட்டைக் காப்பு கொண்டது. அதற்கு எர்த் வயர் கிடையாது. இரும்பு உடம்பு கொண்ட பழைய மெஷினாக, மூன்று முனை பிளக் உள்ளதாக இருந்தால், எர்த் வயரைக் கட்டாயம் மறுபடி இணைக்க வேண்டும். ஈரத்தரையில் நின்று வேலை செய்யும் படகுத்துறைகளில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்திய இணைப்பு, உயிர் காக்கும் செலவு.

எல்லாம் மாட்டிய பிறகு, பிளேடு இல்லாமலேயே பத்து முறை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் டிரிகர் தானாகத் திரும்பி வர வேண்டும். ஒரு முறை திணறினாலும் மறுபடி பிரித்துப் பாருங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் எலெக்ட்ரானிக் சுவிட்ச் என்றால், அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுப்பதே சரி.

வேலை முடிந்ததும் மெஷினைத் துடைத்து, தூள் ஊதி, மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். கடல் பார்த்த ஜன்னலோரம் மட்டும் வேண்டாம். டிரிகரைக் கட்டிவைத்து ஓட்டும் மெஷின் உங்கள் வீட்டிலோ பட்டறையிலோ இருக்கிறதா? இன்றே பிளக்கைப் பிடுங்கி, அந்தக் கட்டை அவிழ்த்துவிடுங்கள். புது சுவிட்ச் வந்தபிறகு மிச்ச மரத்தை அறுத்துக்கொள்ளலாம்!