உங்களுக்குத் தெரியுமா? – கட்டடத்துக்குள் கரைந்த விற்பனை வரி

ஒரு கட்டடத்தில் ஒப்பந்ததாரர் பயன்படுத்தும் சிமென்டும் கம்பியும் வீட்டு உரிமையாளருக்கு 'விற்கப்பட்ட' பொருள்களா என்னும் கேள்வி, மத்திய, மாகாண அரசுகளின் அதிகார எல்லையை வரையறுத்த முக்கியமான வழக்கொன்றின் மையமாக இருந்தது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம், பொருள் விற்பனைமீது வரி விதிக்கும் அதிகாரத்தை மாகாணங்களுக்கு வழங்கியிருந்தது. அதன்கீழ் 1939இல் பொது விற்பனை வரிச் சட்டத்தை இயற்றிய சென்னை மாகாணம், 1947இல் அதைத் திருத்திக் கட்டுமான ஒப்பந்தங்களுக்கும் நீட்டித்தது. கேனன் டங்கர்லி நிறுவனம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1954இல் இத்திருத்தம் செல்லாது என்றது. 1958இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. கட்டட ஒப்பந்தம் பிரிக்க இயலாத ஒரே ஒப்பந்தம், அதில் பொருள்களுக்கெனத் தனி விற்பனை உடன்பாடு இல்லை, ஆகவே 'விற்பனை' என்பதன் சட்டப் பொருளை மாகாணம் தன் விருப்பப்படி விரிக்க முடியாது என்பது அதன் சாரம். தர்க்கம் கூர்மையானது எனினும், மாநிலங்களின் வருவாய்க்கு அது பெரும் இடி. 1982இன் 46ஆவது அரசியலமைப்புத் திருத்தமே, ஒப்பந்தப் பணியில் சேரும் பொருள்களையும் விற்பனையாகக் கருதச் செய்து அந்த அதிகாரத்தை மாநிலங்களுக்கு வழங்கியது.