தெரியாது என்பதும் ஒரு தீர்ப்பே

"அந்தப் பிள்ளை வழி தவறிப் போனாளா, யாராவது தூக்கிக்கொண்டு போனார்களா?"

நெகிரி செம்பிலானில், சிரம்பானுக்கு அருகே உள்ள பந்தாய் வட்டாரத்தில் 2019ஆம் ஆண்டு காணாமல் போய், பின்னர் உயிரற்ற உடலாகக் கண்டெடுக்கப்பட்ட சிறுமி நோரா ஆன் குவாரினைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். அரங்கில் பாதிப் பேர் ஒரு பக்கம், மீதிப் பேர் மறுபக்கம். ஒட்டுக்கடையிலோ தேநீர் ஆறுவதற்குள் விசாரணை, சாட்சி, தீர்ப்பு எல்லாம் முடிந்துவிடும். ஆனால் நாட்டின் நீதிமன்றம் இந்த வழக்கில் கடைசியாகச் சொன்னது என்ன என்பது பலருக்குத் தெரியாது. அதைப் புரிந்துகொண்டால், கடத்தல் என்ற சந்தேகம் எழும் எந்த வழக்கையும் எப்படிப் பேச வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

அன்று நடந்தது என்ன?

லண்டனில் வாழும் அந்தக் குடும்பம் 2019 ஆகஸ்டு 3ஆம் தேதி, இரண்டு வார விடுமுறைக்காக இங்கு வந்து சேர்ந்தது. தாயார் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரைச் சேர்ந்தவர். தகப்பனார் பிரெஞ்சுக்காரர். மூன்று பிள்ளைகளில் மூத்தவளான நோராவுக்கு வயது 15. மூளை கருவிலேயே சரியாகப் பிரிந்து வளராத குறைபாட்டுடன் பிறந்தவள். பேச்சிலும் நடையிலும் அவளுக்குச் சிரமம் இருந்தது. தனியாக எங்கும் போகும் பழக்கம் அவளுக்கு இல்லை என்று பெற்றோர் சொன்னார்கள்.

பெரெம்புன் காட்டை ஒட்டிய ஓர் உல்லாச விடுதியில் அவர்கள் தங்கினார்கள். பிள்ளைகள் மாடி அறையில் படுத்தார்கள். மறுநாள் காலை எட்டு மணி வாக்கில் பார்த்தபோது நோராவின் படுக்கை காலியாக இருந்தது. கீழ்த்தளத்துச் சன்னல் ஒன்று திறந்து கிடந்தது. இரவில் வீட்டுக்குள் மங்கலான சத்தம் கேட்டதாகத் தாயார் பின்னர் சாட்சியம் அளித்தார்.

350க்கும் மேற்பட்டோர் தேடலில் இறங்கினார்கள். போலீசார், தீயணைப்புப் படையினர், காட்டுத் தடம் அறிந்த ஓராங் அஸ்லி மக்கள், மோப்ப நாய்கள், ஹெலிகாப்டர் என்று எதிலும் குறை வைக்கவில்லை. தாயாரின் குரலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் காடு முழுக்க ஒலிக்கவிட்டார்கள். போமோக்களும் வந்து சடங்கு செய்தார்கள்.

காணாமல் போன பத்தாம் நாள், ஆகஸ்டு 13ஆம் தேதி, விடுதியிலிருந்து சுமார் இரண்டரை கிலோமீட்டர் தொலைவில், செம்பனைத் தோட்டப் பகுதியில் உள்ள ஓர் ஓடையருகே தொண்டூழியர்கள் அவளைக் கண்டெடுத்தார்கள். உடலில் ஆடை இல்லை. சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை நடந்தது. நீண்ட நேரப் பட்டினியாலும் மன உளைச்சலாலும் குடலில் புண் ஏற்பட்டு, அது துளைபட்டு, இரத்தம் கசிந்து இறந்தாள் என்றும், குற்றச் செயலுக்கு ஆதாரம் இல்லை என்றும் மாநிலப் போலீஸ் தலைவர் அறிவித்தார்.

கதைகள் எங்கே பிறந்தன?

காரணம் தெரியாத இடத்தில் கதை முளைப்பது இயல்புதான். குடும்பத்தார் முதல் நாளிலிருந்தே இது கடத்தல் என்று கூறினார்கள். போலீசார் காணாமல் போனவர் வழக்காகவே பதிவு செய்தார்கள். ஆனாலும் குற்றம் நடந்திருக்கலாம் என்பதை அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. இந்த இடைவெளியில் ஊர் புகுந்தது.

இத்தகைய நேரத்தில் ஊர்ப்பேச்சு வழக்கமாக மூன்று தடங்களில் ஓடும். முதலாவது, பிள்ளை பிடிக்கிறவன் கதை. பாலம் கட்டவும் அணை கட்டவும் தலை தேவை என்று பிள்ளை பிடிக்க ஆள் அலைகிறான் என்பது தோட்டத்து லயங்களில் மூன்று தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்த பயம். இரண்டாவது, காட்டில் உள்ள கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று மறைத்துவிட்டது என்ற நம்பிக்கை. மூன்றாவதுதான் கொடுமை. பெற்றோரையே சந்தேகிப்பது. "வேற்று நாட்டில் பிள்ளையைத் தனியாகப் படுக்க வைப்பார்களா?" என்று தொடங்கும் பேச்சு, எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது.

மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. எந்தக் கதையும் சாட்சியத்தைக் கேட்டுப் பிறந்ததல்ல.

மரண விசாரணை என்றால் என்ன?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் மரண விசாரணை நீதிமன்றம் இருக்கிறது. அது குற்ற வழக்கு அல்ல. அங்கே குற்றவாளிக் கூண்டில் யாரும் நிற்பதில்லை. யாரும் தண்டிக்கப்படுவதும் இல்லை. நமது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 328ஆவது பிரிவின்படி, இறப்புக்கான காரணம் என்பது மருத்துவர் எழுதும் காரணம் மட்டும் அல்ல. இறந்தவர் எந்தச் சூழ்நிலையில் இறந்தார், வேறொருவரின் சட்டவிரோதச் செயலோ கவனக்குறைவோ அந்த மரணத்துக்கு வழிவிட்டதா என்பதும் அதில் அடங்கும்.

நோராவின் வழக்கில் இந்த வேறுபாடு மிக முக்கியமானது. குடல் புண்ணால் இறந்தாள் என்பது மருத்துவ விடை. 15 வயதுப் பெண் பிள்ளை, நடையில் சிரமம் உள்ளவள், வெறுங்காலுடன் அந்த ஓடைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்பது அடுத்த கேள்வி. முதல் விடை கிடைத்ததும் இரண்டாவது கேள்வி தீர்ந்துவிட்டதாகப் பலர் எண்ணிக்கொண்டார்கள். பெற்றோர் அப்படி எண்ணவில்லை. விசாரணை வேண்டும் என்று அவர்கள் விடாமல் கேட்டார்கள்.

சிரம்பானில் 2020 ஆகஸ்டு 24ஆம் தேதி விசாரணை தொடங்கியது. கோவிட் காலம் என்பதால் வெளிநாட்டில் இருந்தவர்கள் இணையக் காணொலி வழியே சாட்சியம் அளித்தார்கள். ஏறக்குறைய 50 சாட்சிகள் வாக்குமூலம் தந்தார்கள். தங்கள் மகள் இறந்த விதத்தைப் பெற்றோர் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஒரு திரையின் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரே சாட்சியம், இரண்டு முடிவுகள்

மரண விசாரணை அதிகாரி மைமூனா அய்ட் 2021 ஜனவரி 4ஆம் தேதி தம் முடிவைச் சொன்னார். நோரா தானாகவே வெளியே போய், வழி தவறி, விபத்தாக இறந்தாள். வேறு யாருக்கும் இதில் தொடர்பு இல்லை என்றார். ஆதாரம் இல்லாமல் மூன்றாம் நபரை ஊகிப்பது தம் கடமைக்கு முரணானது என்பது அவருடைய நிலை.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குடும்பத்தாரும் அவர்களுடைய வழக்கறிஞர் எஸ். சக்திவேலும் வேறொரு கோணத்தைக் காட்டினார்கள். கடத்தலுக்கு ஆதாரம் இல்லை என்பது சரி. தானாக நடந்து போனாள் என்பதற்கு ஆதாரம் எங்கே? அதுவும் ஊகம்தானே?

சிரம்பான் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி அசிசுல் அஸ்மி அட்னான் இந்த வாதத்தைப் பரிசீலித்தார். இருட்டில், பழக்கமில்லாத செங்குத்தான நிலத்தில், அத்தகைய குறைபாடுள்ள சிறுமி யார் உதவியும் இல்லாமல் அவ்வளவு தூரம் போயிருப்பாள் என்று ஏற்பது கடினம் என்று கருதினார். 2021 ஜூன் 16ஆம் தேதி, முந்தைய முடிவை நீக்கி, 'திறந்த தீர்ப்பு' என்று மாற்றி எழுதினார்.

திறந்த தீர்ப்பின் பொருள்

இதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "பார்த்தீர்களா, கடத்தல்தான் என்று உயர்நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்கிறார்கள் சிலர். அப்படிச் சொல்லவில்லை. "நீதிமன்றத்தாலேயே எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை, ஆகவே கடத்தல் பொய்" என்கிறார்கள் வேறு சிலர். அப்படியும் சொல்லவில்லை.

கிடைத்த சாட்சியங்களை வைத்து எந்த ஒரு முடிவுக்கும் உறுதியாக வர முடியாது என்பதே திறந்த தீர்ப்பு. கதவு சாத்தப்படவில்லை. நாளைக்குப் புதிய ஆதாரம் கிடைத்தால் அது உள்ளே வர இடம் இருக்கிறது. விபத்து என்று எழுதி மூடியிருந்தால் அந்த இடம் இருக்காது. அதனால்தான் பெற்றோர் இந்தத் தீர்ப்பை வரவேற்றார்கள். அவர்கள் கேட்டது பழிவாங்கல் அல்ல. தெரியாததைத் தெரியாது என்று எழுத வேண்டும் என்பதே.

ஐயம் கொள்வது தவறல்ல என்பதற்கும் இந்த வழக்கே சான்று. பெற்றோர் ஐயப்பட்டிருக்காவிட்டால் தீர்ப்பு மாறியிருக்காது. ஆனால் அவர்கள் அந்த ஐயத்தைச் சாட்சியோடு நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார்கள். சந்தைக்குக் கொண்டு போகவில்லை.

ஊகத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

ஆஸ்திரேலியாவில் 1980ஆம் ஆண்டு, கூடாரத்தில் உறங்கிய இரண்டு மாதக் கைக்குழந்தை காணாமல் போனது. காட்டு நாய் தூக்கிக்கொண்டு போனது என்று தாய் கதறினார். அவர் அழுத விதம் சரியில்லை, உடுத்திய விதம் சரியில்லை என்று நாடே பேசியது. 1982இல் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து அவரைச் சிறையில் அடைத்தார்கள். 1986இல் குழந்தையின் சட்டை கிடைத்தது, வெளியே வந்தார். 1988இல் தீர்ப்பு ரத்தானது. காட்டு நாய்தான் காரணம் என்று மரண விசாரணை நீதிமன்றம் எழுதியது 2012ஆம் ஆண்டில். தாய் சொன்னதை ஏற்க 32 ஆண்டுகள் ஆயின.

போர்ச்சுகலில் 2007இல் காணாமல் போன பிரிட்டிஷ் சிறுமி மெடலின் மெக்கேனின் பெற்றோர் மீதும் இப்படித்தான் பழி சுமத்தப்பட்டது. அவர்களைச் சந்தேகித்து எழுதிய பத்திரிகைக் குழுமம் ஒன்று 2008இல் முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டு, ஐந்தரை லட்சம் பவுண்டு இழப்பீடும் கட்டியது. கட்டிய பணம் சுமத்திய பழியைத் துடைத்துவிடுமா?

இவை எல்லாம் தூரத்துக் கதைகள் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூருக்கு அருகே 2018 மே மாதம் ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குப் போனது. மலேசியாவிலிருந்து போன உறவினர்களும் அந்தக் காரில் இருந்தார்கள். வழியில் இறங்கியபோது, 65 வயது மூதாட்டி அங்கு விளையாடிய பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை கடத்தும் கும்பல் நடமாடுகிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிக்கிடந்த நேரம் அது. ஊர் திரண்டது. மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். கூட வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள்.

அங்கே எந்தப் பிள்ளையும் கடத்தப்படவில்லை. அடித்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள்.

தோட்டப்புறத்தில் என்ன செய்யலாம்?

ஒரு காலத்தில் தோட்டங்களில் காவலுக்கு ஆள் போட வேண்டியதில்லை. விடியற்காலைப் பெரட்டுக்குப் போகிறவர், பால்மரம் சீவப் போகிறவர், ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கிறவர் என்று எந்த நேரமும் யாருடைய கண்ணாவது விழித்திருக்கும். புதுமுகம் ஒன்று லயத்துப் பக்கம் வந்தால் மண்டோருக்குச் செய்தி போய்விடும். மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்த பிறகு, பல தோட்டங்களில் மரம் இருக்கிறது, ஆள் இல்லை. அந்த இடத்தைக் கைப்பேசி வதந்தி நிரப்பக் கூடாது.

பிள்ளையைக் காணவில்லை என்றால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது தவறான எண்ணம். உடனே போலீசில் புகார் செய்யலாம். அவசர எண் 999. அண்மையில் எடுத்த புகைப்படம், கடைசியாக உடுத்தியிருந்த உடை, கடைசியாகப் பார்த்த நேரம், உடல்நலக் குறை ஏதும் இருந்தால் அதன் விவரம் ஆகியவற்றைக் கையோடு கொடுக்க வேண்டும். பிள்ளை படுத்த அறையையும், சன்னலையும், வாசலையும் பத்துப் பேர் தொட்டு மிதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் சில மணி நேரத்தில் அழிந்துபோகும் தடயம் மறுபடி கிடைக்காது.

ஏதாவது பார்த்தவர்கள், பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். "வெள்ளை வேன் ஒன்று இரவு பத்து மணிக்கு நின்றது" என்பது தகவல். "கடத்தல்காரன் வேன் நின்றது" என்பது கதை. தகவலைப் போலீசிடம் சொல்ல வேண்டும். கதையை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. பொதுமக்களிடையே பீதியைக் கிளப்பும் வதந்தியைப் பரப்பினால் தண்டனைச் சட்டத்தின் 505ஆவது பிரிவின் கீழ் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டாரின் கண்ணீரை எடை போடும் வேலையை விட்டுவிட வேண்டும். 2007இல் கொல்லப்பட்ட எட்டு வயது நூரின் ஜஸ்லினுக்கு நீதி கிடைக்கவில்லை. 2008இல் காணாமல் போன ஐந்து வயது சார்லினி திரும்பி வரவில்லை. அந்த வீடுகளிலும் பெற்றோர் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நமக்குத் தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்லி வாயை மூடிக்கொள்வது, அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய சிறு உதவி.

ஒரு நீதிபதியே எல்லாச் சாட்சியங்களையும் பார்த்துவிட்டு அப்படித்தான் எழுதினார். ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருப்பவர் அதற்கு மேல் எழுத வேண்டாமே!