முதல் பாடம் முற்றத்தில் தொடங்கட்டும்

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் தென்மராட்சி நோக்கி நடந்தபோது எனக்கு ஆறு வயது. கொடிகாமத்தில் ஒரு தென்னங்காணியில் கொட்டில் போட்டு இருந்தோம். பள்ளிக்கூடங்கள் எல்லாம் அகதி முகாம்களாகி இருந்தன. கொப்பி, பென்சில் எதுவும் கையில் இல்லை. அம்மா மணலைப் பரப்பி, என் விரலைப் பிடித்து எழுதப் பழக்கினார். தென்னங்குரும்பைகளை வைத்துக் கணக்குச் சொல்லித் தந்தார். அதை நாங்கள் படிப்பு என்று நினைக்கவில்லை. பள்ளிக்கூடம் இல்லாததால் வந்த ஏற்பாடு என்றே நினைத்தோம்.

இப்போது அக்காவின் மகனுக்கு நான்கு வயது. முன்பள்ளி விட்டு வந்ததும் ரியூசனுக்கு அனுப்பலாமா என்று வீட்டில் கதை வந்தபோது எனக்கு அந்த மணல்தான் நினைவுக்கு வந்தது.

இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். ஆகவே பாடசாலையை விட்டு நிற்பாட்டச் சொல்லவில்லை. அதற்கு முந்திய வயதிலும், பிறகு பின்னேரங்களிலும் விடுமுறைகளிலும் வீட்டில் என்ன செய்யலாம் என்பதே கேள்வி. சுற்றாடலைப் பற்றிய பாடம் ஆரம்பப் பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்து, அதையும் வினாத்தாளில் இருந்தே படிப்பிக்கிறோம்.

சின்னப் பிள்ளைக்கு ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடப் பாடம் போதும். ஏடு தொடக்கும்போது பச்சையரிசியில் எழுதுவிக்கிறோம். மறுநாளும் அதே தட்டில் அரிசியோ மணலோ பரப்பி எழுதவிடலாம். பிழைத்தால் கையால் அழித்துவிடலாம் என்பதால் பிள்ளைக்குப் பயம் இருக்காது. மிச்ச நேரத்துக்கு வளவு இருக்கிறது.

கிணற்றையே எடுங்கள். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித்தான் எங்கள் கிணறுகளுக்கு வருகிறது. பெரியவர் ஒருவர் மாதம் ஒருமுறை கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, தண்ணீர் தொட்ட இடத்தில் முடிச்சுப் போடட்டும். பிள்ளை தள்ளி நின்று முடிச்சுகளைப் பார்த்தால் போதும். ஆவணியில் போட்ட முடிச்சுக்கும் மார்கழியில் போட்டதற்கும் உள்ள வித்தியாசத்தில் அளவை, பருவமழை, தண்ணீர்ச் சிக்கனம் மூன்றும் வந்துவிடும்.

அடுத்தது பனை. பனம்பழம் விழும் காலத்தில் பத்துக் கொட்டைகளைப் பொறுக்கிப் பாத்தி போடுங்கள். பனையின் முளை முதலில் மேலே வருவதில்லை, மண்ணுக்குள் கீழே இறங்கும். அதில் உணவு சேர்ந்து பருப்பதுதான் கிழங்கு. இடையில் ஒரு கொட்டையை வெட்டிப் பூரானைக் காட்டினால் பிள்ளை பார்ப்பதற்கு முன்பே தின்றுவிடும். மூன்று நான்கு மாதத்தில் கிழங்கைக் கிண்டி எண்ணலாம், அவிக்கலாம். இரண்டைக் கிண்டாமல் விடுங்கள். அவை வடலியாகும்.

ஆனால் நாங்கள் வாழ்வது போர் நடந்த மண். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை பல வருடங்களாக நடந்து வருகிறது. வெளியே கூட்டிப்போக முன் ஒரு பாடம் கட்டாயம்: தெரியாத இரும்பையோ பிளாஸ்ரிக்கையோ தொடக்கூடாது, எடுக்கக்கூடாது, உடனே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் வந்த வழியே திரும்ப வேண்டும். சனம் புழங்கும் பாதையை விட்டு, துப்புரவாக்காத பற்றைக் காணிக்குள் போகவே வேண்டாம். பிள்ளையை வெருட்டாமல், வீதியைக் கடக்கப் பழக்குவது போலச் சொல்லிக் கொடுக்கலாம்.

போன மாதம் கடற்கரைப் பக்கம் போனபோது மருமகன் கேட்டான், "மாமா, அந்தப் பனைக்கு ஏன் தலை இல்லை?"

இடி விழுந்தது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். "முந்திச் சண்டை நடந்தது. செல் பட்டு முறிஞ்சுபோச்சு" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "அதுக்கு நொந்ததோ?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு தலை உள்ள பனைகளை இருவரும் எண்ணினோம். அவனுக்கு இருபது வரைதான் எண்ணத் தெரியும். பனைகள் அதற்கு மேலும் நின்றன. இருபத்தொன்றை அன்றுதான் படித்தான்.