முதியோரின் நீரடைப்பு: நாணமும் வேண்டா, தாமதமும் வேண்டா

குறிஞ்சிப்பாடிப் பக்கத்து நெசவாளர் சங்கமொன்றின் பேரவைக் கூட்டங்களில், முதிய அங்கத்தினர் ஒருவர் எப்பொழுதும் வாயிற்படிக்கு அருகிலேயே அமர்வார். வரவு செலவு வாசித்து முடிவதற்குள் மூன்று நான்கு முறை எழுந்து வெளியே சென்று வருவார். நிர்வாகத்தின்மேல் ஏதோ அதிருப்தி என்றே ஆய்வாளனாகிய நான் முதலில் கருதினேன். தனியே அழைத்து வினவியபோது, "வயதானால் இப்படித்தான், ஐயா. இதைப் போய் யாரிடம் சொல்வது?" என்று தலைகுனிந்தார்.

சென்ற மார்கழியில் அவர் ஜலதோஷத்திற்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, சிதம்பரத்தில் ஆருத்திரா தரிசனத்திற்குச் சென்றார். பெருங்கூட்டத்தில் நெடுநேரம் சிறுநீரை அடக்கி நின்றார். அன்றிரவு ஒரு சொட்டும் இறங்கவில்லை. அடிவயிறு கல்லெனப் புடைத்தது. வீட்டார் வாழைத்தண்டுச் சாறும் பார்லிக் கஞ்சியும் மேன்மேலும் கொடுத்தனர், வேதனை இருமடங்காயிற்று. விடியற்காலையில் மருத்துவமனையில் குழாய் செலுத்திய பின்னரே உயிர் திரும்பியது என்றார். இத்துன்பம் வேறொருவருக்கு நேராதிருக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

ஆண்களுக்கு மூத்திரப்பையின் கழுத்தடியில் பிராஸ்டேட் என்னும் சுரப்பி உள்ளது. வாலிபத்தில் அது ஏறக்குறைய 20 கிராம் எடையுள்ளது. பெரிய நெல்லிக்காயை ஒத்த பருமன் உடையது. சிறுநீர் செல்லும் நாளம் அதன் நடுவே புகுந்து செல்கிறது. நாற்பது வயதுக்குமேல் இச்சுரப்பி மெல்லப் பெருக்கத் தொடங்கும். அறுபது வயதை எட்டியோருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கும், எண்பதைக் கடந்தோருள் பெரும்பாலோருக்கும் இப்பெருக்கம் காணப்படுகிறது. அனைவருக்கும் இது தொல்லை தருவதில்லை. நாளம் நெருக்குண்டவர்களுக்கே துன்பம் உண்டாகிறது. இப்பெருக்கம் புற்றுநோயன்று, புற்றுநோயாக மாறுவதுமன்று. ஆயினும் இரண்டும் ஒருவருக்கே இருக்கக்கூடும், அறிகுறிகளும் ஒத்திருக்கும். ஆதலால் மருத்துவர் விரலாற் பரிசோதிப்பதும், பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படுகின்றன.

அறிகுறிகள் வருமாறு: இரவில் பலமுறை எழுதல், சிறுநீர் தொடங்கத் தாமதமாதல், தாரை மெலிந்து விட்டுவிட்டு வருதல், முடிந்தபின்னும் சொட்டுதல், பை காலியாகாதது போன்ற உணர்ச்சி, அடக்க இயலாத அவசரம். நீரிழிவிலும் அடிக்கடி சிறுநீர் போகும். எனவே சர்க்கரைப் பரிசோதனையும் செய்துகொள்க. சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, காய்ச்சலுடன் எரிச்சல் கண்டாலோ, உடனே மருத்துவரை அடைக. சிறுநீர் அறவே நின்றுவிட்டால் விடியும்வரை காத்திருத்தல் கூடாது. நீடித்த அடைப்பு சிறுநீரகங்களையே கெடுத்துவிடும்.

நாட்டு மருந்துகளைப்பற்றி அங்கத்தினர் பலர் கேட்கின்றனர். நம் வயல் வரப்புகளில் படரும் நெருஞ்சிலும், மூக்கிரட்டையும் சித்த மருத்துவத்தில் சிறுநீர்க் கோளாறுகளுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவன. ஆனால் சிறுநீரைப் பெருக்குவது வேறு, அடைப்பை நீக்குவது வேறு. வீராணத்து நீரைப் பாய்ச்சும் உழவர் இதை எளிதில் உணர்வர்: மதகு அடைபட்டிருக்கும்போது ஏரிக்கு மேலும் நீர் வரவிட்டால், கரைதான் உடையும். நம் பெரியவருக்கு அன்றிரவு நேர்ந்ததும் இதுவே. சா பால்மெட்டோ என்னும் அமெரிக்கக் குட்டைப்பனையின் கனிச்சத்தும் மாத்திரையாக விற்கப்படுகிறது. அமெரிக்காவில் 225 பேரிடம் ஓராண்டு நடந்து 2006-இல் வெளியான ஆய்விலும், அளவை மூன்று மடங்கு வரை உயர்த்தி நடந்து 2011-இல் வெளியான ஆய்விலும், அது வெற்று மாத்திரையைவிட அதிகப் பயன் தரவில்லை. மூலிகை உண்ண விரும்புவோர் தகுதிபெற்ற சித்த மருத்துவரைக் கேட்டே உண்க. உண்பதை மற்ற மருத்துவரிடமும் மறையாது கூறுக.

பழக்கத்தால் விளையும் நன்மையோ மெய்யானது. குழித்தறியில் இறங்கிய நெசவாளர், பாவில் ஒரு பகுதி முடியும்வரை எழுவதில்லை. சிறுநீரை அடக்குவதே வழக்கமாகிவிடுகிறது. இதை விடுக. வேளைக்கு வேளை எழுந்து செல்க. சிறுநீர் கழித்தபின் சற்றுப் பொறுத்து மறுமுறை முயல்க. உறங்குவதற்கு இரண்டு மணிக்கு முன்னரே பானங்களை நிறுத்துக; காப்பி, தேநீர், மது இவற்றைக் குறைக்க. ஆனால் பகல் வெயிலில் உழைப்போர் தண்ணீரைக் குறைத்தலாகாது. மலச்சிக்கலும் அடைப்பை மிகுவிக்கும். ஜலதோஷ மாத்திரைகள் பல மூத்திரப்பையின் கழுத்தை இறுக்கவோ, பையின் வலிவைக் குறைக்கவோ கூடியவை, கேளாமல் வாங்கற்க.

மருத்துவர் தரும் மருந்துகள் பெரும்பாலும் இருவகை. டாம்சுலோசின் போன்றவை கழுத்துத் தசையைத் தளர்த்திச் சில நாட்களிலேயே சுகம் தரும். படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் தலைசுற்றலாம். கண்புரை அறுவைக்குச் செல்வோர் இம்மருந்து உண்பதைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுக. ஃபினாஸ்டரைடு போன்றவை பெருத்த சுரப்பியைச் சுருக்கும். முழுப்பயன் காண ஆறு மாதம் பொறுக்க வேண்டும். இது பி.எஸ்.ஏ. அளவையும் ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், பரிசோதனையின்போது தெரிவிக்க. மருந்துக்கு இணங்காதவர்க்கு, வயிற்றைக் கீறாமல் சிறுநீர் நாளத்தின் வழியே கருவி செலுத்தி, நெருக்கும் பகுதியை அகற்றும் அறுவை உண்டு.

இவற்றிற்காகச் சென்னைக்கு ஓட வேண்டுவதில்லை. கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்தில் 1985-இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, இன்று கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்குகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உடையோர் அதையும் எடுத்துச் சென்று விசாரிக்க.

அப்பெரியவர் இப்பொழுது மருந்துண்டு நலமாயிருக்கிறார். சென்ற கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்து, நூல் கொள்முதல் கணக்கில் என்னையே இரண்டு கேள்விகள் கேட்டார்! அங்கத்தினர்களே, உங்கள் சங்கத்திலும் வாயிற்படியருகே அமரும் பெரியவர் ஒருவர் இருக்கலாம். அவர் நாணத்தால் வாய் திறவார். நீங்களே பரிவுடன் கேட்டு, உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒருவர் துன்பத்தை மற்றவர் தாங்குவதன்றோ கூட்டுறவு?