ஒரு பிடி அரிசியும் ஒரு சபையும்

உலையில் அரிசி போடுமுன் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறொரு பாத்திரத்தில் இட்டுவைக்கும் வழக்கம் நம்மவருக்குப் புதிதன்று. கோயிலுக்கென்றும் பாடசாலைக்கென்றும் பிடியரிசி சேர்த்த கதைகளை நமது பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். இந்தியாவின் வடகிழக்கு மூலையில், மியன்மாருக்கும் பங்களாதேஷுக்கும் நடுவே கிடக்கும் மலைப்பிரதேசம் மிசோரம். அங்குள்ள கிறிஸ்தவப் பெண்கள் இந்தப் பிடியரிசியை நூறாண்டுக்கும் மேலாகக் கைவிடாமல் காத்து வருகின்றனர். அவர்களும் போரைக் கண்டவர்கள். ஊர் எரியக் கண்டவர்கள். இடம்பெயர்ந்து முள்வேலிக்குள் வாழ்ந்தவர்கள். ஆகவே அவர்களது சிறிய சபைகளின் மாதாந்த வாழ்வு எவ்வாறு நடக்கிறது என்பதை அறிந்துகொள்வது நமக்கும் பயன்தரும்.

கொழும்புக்கு வந்த அதே சங்கம்

மிசோரத்தில் 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி சுமார் 11 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவர்களுள் 87 வீதமானோர் கிறிஸ்தவர்கள். வடபகுதியில் பிரெஸ்பிற்றேறியன் சபையும் தென்பகுதியில் பப்டிஸ்ட் சபையும் வேரூன்றியுள்ளன.

1894ஆம் ஆண்டு லொறெய்ன், சவிட்ஜ் என்னும் இரு ஆங்கிலேய மிஷனரிமார் ஐசோல் நகருக்கு வந்தனர். எழுத்து வடிவம் இல்லாதிருந்த மிசோ மொழிக்கு உரோம எழுத்துக்களைக் கொண்டு அரிச்சுவடி அமைத்தவர்கள் இவர்களே. பின்னர் 1903இல், பப்டிஸ்ட் மிஷனரிச் சங்கத்தின் சார்பில் தெற்கேயுள்ள லுங்லெய் பகுதிக்கு வந்து ஊழியம் செய்தனர். அருகிலுள்ள செர்க்கோன் என்னும் இடத்தில் பாடசாலையும் வைத்தியசாலையும் எழுந்தன. பெண்பிள்ளைகள் எழுத்தறிவு பெறவும், தாதியராகவும் ஆசிரியைகளாகவும் வெளிவரவும் அந்த இடம் வாசலாயிற்று.

இந்தச் சங்கத்துக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. 1792இல் வில்லியம் கேரி முதலியோர் இங்கிலாந்தில் தொடக்கிய அதே சங்கம்தான் 1812இல் ஜேம்ஸ் சேற்றர் என்பவரைக் கொழும்புக்கு அனுப்பியது. இலங்கையின் பப்டிஸ்ட் சபைகள் அவரது வருகையிலிருந்தே தம் வரலாற்றைக் கணக்கிடுகின்றன. எண்ணிக்கையில் அவை சிறியன. லுங்லெய் மலைகளில் அதே வித்து பெருமரமாயிற்று.

"பெண்ணுக்குச் சமயம் இல்லை"

பழைய மிசோ சமுதாயத்தில் பெண்களைப் பற்றிச் சில முதுமொழிகள் வழங்கின. பெண்ணின் அறிவு ஊர்க் கிணற்றடிக்கு அப்பால் எட்டாது என்பது ஒன்று. நண்டின் இறைச்சி இறைச்சியல்ல, பெண்ணின் பேச்சுப் பேச்சல்ல என்பது இன்னொன்று. பெண்ணுக்கெனத் தனிச் சமயம் இல்லை என்றும் சொல்வார்கள். திருமணத்துக்கு முன் தகப்பன் வீட்டுத் தெய்வம், பின்னர் கணவன் வீட்டுத் தெய்வம், அவ்வளவுதான்.

பப்டிஸ்ட் சபையின் அடிப்படைக் கொள்கை இந்த இடத்தில்தான் பெண்களுக்குப் பெரிய காரியமாயிற்று. இச்சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. குழந்தையைச் சபைக்குக் கொண்டுவந்து ஆசி கேட்பதோடு சரி. வளர்ந்து, புரிந்து, "நான் விசுவாசிக்கிறேன்" என்று தன் வாயால் சொல்பவருக்கே ஞானஸ்நானம். அதுவும் தண்ணீரில் முழுவதும் மூழ்கியெழும் ஞானஸ்நானம். தகப்பனோ கணவனோ ஒருத்திக்காகப் பதில் சொல்ல முடியாது. அவளே பதில் சொல்லவேண்டும். தனக்கெனச் சமயம் இல்லை என்று சொல்லப்பட்டவள் ஊரார் முன்னிலையில் தண்ணீருக்குள் இறங்கித் தன் நம்பிக்கையைத் தானே அறிக்கையிட்டாள். இது அந்நாளில் எத்தகைய மாற்றம் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு மாதத்தின் ஒழுங்கு

சிறிய பப்டிஸ்ட் சபை என்றால் பெரிய கட்டடத்தையோ அலங்காரத்தையோ எதிர்பார்க்க முடியாது. முப்பது, நாற்பது குடும்பங்கள். ஒரு போதகர். சில இடங்களில் நான்கைந்து சபைகளுக்கு ஒரே போதகர். அவர் வராத நாட்களில் சபையாரே ஆராதனையை நடத்திக்கொள்வார்கள்.

ஞாயிறு ஆராதனையும் ஓய்வுநாட் பாடசாலையும் வாரந்தோறும் உண்டு. பெண்களுக்கெனத் தனி ஐக்கியம் உண்டு. அவர்கள் கூடுகிற மாலையில் பாட்டு, ஜெபம், வேதவாசிப்பு என்பன முடிந்ததும் ஊர்க் காரியங்கள் பேசப்படும். யார் நோயில் கிடக்கிறார், யாருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, எந்த வீட்டில் விறகில்லை என்பதெல்லாம் அங்கேதான் வெளிவரும்.

திருவிருந்தைப் பல பப்டிஸ்ட் சபைகளில் மாதம் ஒரு தடவை, பெரும்பாலும் முதல் ஞாயிறன்று ஆசரிப்பார்கள். ஒரே அப்பத்தைப் பகிர்கிறவர்கள் ஒருவரோடொருவர் மனத்தாங்கலோடு இருக்கக்கூடாது என்பது சபையின் போதனை. ஆகையால் அந்த ஞாயிறுக்கு முன்னர் சண்டை தீர்ப்பது ஒரு கடமையாகிறது. வேலித் தகராறு, கடன் தகராறு, வாய்ச்சண்டை எதுவானாலும் மாதத்துக்கொரு தடவையாவது தீர்த்துக்கொள்ள ஒரு தவணை கிடைக்கிறது.

சபைக் கூட்டமும் இவ்வாறே முக்கியமானது. பப்டிஸ்ட் மரபில் ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வோர் அங்கத்தவருக்கும் ஒரு குரல் உண்டு. வரவு செலவு சபையார் முன் வாசிக்கப்படும். காணிக்கை எவ்வளவு, தசமபாகம் எவ்வளவு, எதற்குச் செலவு என்பதைக் கேட்கும் உரிமை ஏழைக் கைம்பெண்ணுக்கும் உண்டு.

பிடியரிசியின் கணக்கு

மிசோ மொழியில் பிடியரிசிக்குப் "பூஃபாய் தம்" என்று பெயர். 1910ஆம் ஆண்டளவில் வடபகுதிப் பிரெஸ்பிற்றேறியன் சபைப் பெண்கள் தொடங்கிய இவ்வழக்கம் தென்பகுதிப் பப்டிஸ்ட் பெண்களிடமும் பரவியது. முறை மிக எளியது. சமைக்கும் பெண் ஒவ்வொரு வேளையும் அரிசியை அளந்த பின், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போடுவாள். குறித்த நாளில் பெண்கள் முறைவைத்து வீடுவீடாகச் சென்று அந்த அரிசியைச் சேகரிப்பார்கள். அது சபையில் விற்கப்பட்டுப் பணமாகும். அப்பணம் ஊழியர்களின் சம்பளத்துக்கும் சபையின் பணிகளுக்கும் செல்லும்.

ஒரு பிடி அரிசியால் என்ன ஆகும் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பிடி சுமார் 40 கிராம் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு இரு வேளை 80 கிராம். முப்பது நாளில் 2 கிலோ 400 கிராம். நாற்பது வீடுகள் சேர்ந்தால் மாதத்துக்கு 96 கிலோ. ஏறத்தாழ இரண்டு மூட்டை அரிசி! எந்த வீட்டிலும் ஒருவர் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் ஊரில் இரண்டு மூட்டை அரிசி சேர்ந்துவிட்டது.

இதில் கவனிக்கவேண்டிய வேறொன்றும் உண்டு. பணக் காணிக்கை கொடுக்க அந்நாளில் பெண்கள் கையில் காசு இல்லை. காசு ஆண்களிடமே இருந்தது. அரிசிப் பானை மட்டுமே பெண்களின் ஆளுகையில் இருந்தது. தங்கள் கையில் எது இருந்ததோ அதைக்கொண்டே தொடங்கினார்கள். அறிவு கிணற்றடியைத் தாண்டாது என்று சொல்லப்பட்டவர்களின் அடுப்படியிலிருந்து புறப்பட்ட அரிசி, மலைகளைத் தாண்டி ஊழியர்களை அனுப்பியது.

இருபதாண்டுப் போர்

1959இல் மிசோ மலைகளில் மூங்கில் பூத்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு ஒருமுறை நிகழும் இதனை அங்கு "மவ்தாம்" என்பர். மூங்கில் விதையைத் தின்று எலிகள் பெருகி, பின்னர் வயல்களையும் களஞ்சியங்களையும் அழித்தன. பஞ்சம் வந்தது. அரசின் உதவி போதவில்லை என்ற கோபம் அரசியல் இயக்கமாகி, 1966 பெப்ரவரி இறுதியில் ஆயுதக் கிளர்ச்சியாக வெடித்தது. அவ்வருடம் மார்ச் 5ஆம் திகதி ஐசோல் நகர்மீது இந்திய விமானங்கள் குண்டு வீசின. மக்கள் காடுகளுக்குள் ஓடினர்.

1967 முதல் கிராமங்களை ஒன்றுசேர்க்கும் திட்டம் வந்தது. 500க்கும் மேற்பட்ட கிராமங்களின் மக்கள் தங்கள் ஊர்களிலிருந்து அகற்றப்பட்டு, இராணுவக் காவலின் கீழ் சுமார் 110 நிலையங்களில் குடியமர்த்தப்பட்டனர். கைவிடப்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. ஊரடங்கு, அடையாள அட்டை, சுற்றிவளைப்பு, சுமை தூக்கும் கட்டாய வேலை என்று நாட்கள் கழிந்தன. வயல் தூரமாகிவிட்டதால் விளைச்சல் குன்றியது. ஒரு பக்கம் இராணுவம், மறுபக்கம் காட்டிலிருந்து வரும் தங்கள் பிள்ளைகள். இருவருக்கும் நடுவே தாய்மார். இவற்றையெல்லாம் நம் வாசகியருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஊர் எரிந்தபோது கோயிற் கட்டடமும் எரிந்தது. ஆனால் சபை என்பது கட்டடமல்ல, விசுவாசிகளின் கூட்டமே என்பது பப்டிஸ்ட் மக்களின் போதனை. அது வெறும் பேச்சல்ல என்பது அக்காலத்தில் தெரிந்தது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள் புதிய இடத்தில் மீண்டும் சபையாகக் கூடினர். இரு பெரும் சபைகளின் தலைவர்களும் அரசுக்கும் கிளர்ச்சியாளருக்கும் இடையே சமாதானத் தூது சென்றனர். பல தடவை முறிந்த பேச்சுக்களின் பின், 1986 ஜூன் 30ஆம் திகதி உடன்படிக்கை கைச்சாத்தானது. இருபதாண்டுப் போர் ஓய்ந்தது. அத்தனைக்குப் பின்னரும் பிடியரிசி வழக்கம் அழியாமல் நிற்கிறது.

துக்க வீட்டில் தனிமை இல்லை

மிசோ மக்களிடையே நாம் சிறப்பாகக் கவனிக்கத்தக்க வழக்கம் துக்க வீட்டைப் பற்றியது. ஒருவர் இறந்தால் ஊர் இளைஞர்கள் கூலியின்றிச் சவக்குழி வெட்டுவார்கள். 1935இல் தொடங்கிய மிசோ வாலிபர் சங்கம் இதனைத் தன் கடமையாகக் கொண்டுள்ளது. அடக்கம் முடிந்ததும் ஊரார் கலைந்துவிடுவதில்லை. அடுத்துவரும் சில இரவுகளும் அந்த வீட்டில் கூடி, மேளத்தின் மெல்லிய தாளத்துடன் துக்கப் பாடல்களைப் பாடுவார்கள். துயரம் அடைந்தவரைத் தனிமையில் விடக்கூடாது என்பதே நோக்கம். அவர் அழுதால் பாட்டு நிற்காது. அழுகையும் பாட்டும் ஒன்றாகவே செல்லும். தன்னலம் கருதாமல் பிறருக்கு உதவும் பண்புக்கு அவர்கள் மொழியில் "த்லொம்ஙாய்னா" என்று பெயர்.

குறைகளும் உண்டு

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. பிடியரிசியால் சபையைத் தாங்கியவர்கள் பெண்கள். ஆனால் மூப்பர், போதகர் ஆகிய பதவிகளில் நெடுங்காலம் ஆண்களே இருந்தனர். சேகரிப்பது ஒருவர், செலவைத் தீர்மானிப்பது இன்னொருவர் என்ற நிலைமை கேள்விக்குள்ளானது. வீட்டுக்குள்ளும் விவாகம், விவாகரத்து, சொத்து என்பவற்றில் வழமைச் சட்டம் ஆண்களுக்கே சாதகமாயிருந்தது. 1974இல் உருவான மிசோ மகளிர் அமைப்பு உட்படப் பெண்கள் நீண்டகாலம் குரல்கொடுத்த பின்னரே, 2014இல் விவாகம், விவாகரத்து, சொத்துரிமை பற்றிய புதிய சட்டம் நிறைவேறியது. அரிசியை அளந்த கைகள் உரிமையைக் கேட்கவும் பழகிக்கொண்டன.

நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை

நாம் எச்சமயத்தவராகவும் இருக்கலாம். 2009இல் நம் நாட்டில் போர் முடிந்தது. ஆனால் கணவனை இழந்தவர்களுக்கும், காணாமற்போன பிள்ளைக்காகக் காத்திருப்பவர்களுக்கும் போர் முடிந்த நாள் என்று ஒன்று இல்லை. நிவாரணம் நின்றுவிடும். திட்டங்கள் காலக்கெடுவோடு முடிந்துவிடும். அயலவர் மட்டுமே எஞ்சுவர்.

மிசோ சகோதரிகளின் வழக்கத்திலிருந்து மூன்று காரியங்களை நாம் எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, பத்து வீடுகள் சேர்ந்து பிடியரிசிப் பேணி ஒன்றை வைப்பது. மேலே சொன்ன கணக்கின்படி மாதம் 24 கிலோ சேரும். பிரசவித்த தாய்க்கோ, கூலி இல்லாத வாரத்தில் ஒரு குடும்பத்துக்கோ அது கைகொடுக்கும். கொடுப்பவளும் வாங்குபவளும் மாறிமாறி வருவதால் வாங்குவதில் கூச்சமும் இராது. இரண்டாவது, மாதம் ஒரு நாள் கூடிக் கணக்கை எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பது. கணக்கு வெளிப்படையாக இருந்தால் சந்தேகம் வளராது. மூன்றாவது, செத்தவீடு முடிந்து எல்லோரும் போன பின்னர் வரும் இரவுகளில், அந்த வீட்டுப் பெண்ணோடு போய் இருப்பது. ஆறுதல் வார்த்தை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்தில் ஆள் இருந்தாலே போதும்.

இன்றிரவு உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்து வைத்துப் பாருங்கள். சோற்றில் குறைவு தெரியாது. பேணியில் நிறைவு தெரியும்.