சூரை மீன் பிடிக்கு வரம்பு எதற்கு?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

கடல் வற்றாது, ஆதலால் கடல் மீனும் வற்றாது என்று மக்கள் நெடுங்காலம் நம்பி வந்தனர். கட்டுமரமும் பாய்மரப் படகும் கடலுக்குச் சென்ற காலத்தில் அந்த நம்பிக்கைக்குப் பெரிய ஊறு நேரவில்லை. எஞ்சின் பூட்டிய கப்பல்களும், மீன் கூட்டத்தைக் காட்டிக் கொடுக்கும் ஒலிக்கருவிகளும், கப்பலிலேயே உறைபதன அறைகளும் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. இன்று, ஒரு கடலில் ஓராண்டில் இத்தனை டன் சூரை மீனைத்தான் பிடிக்கலாம் என்று நாடுகள் கூடி முடிவு செய்கின்றன. அந்த எண் எவ்வாறு கணக்கிடப்படுகிறது, அது ஏன் சில சமயங்களில் பயன் தராமல் போகிறது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

எல்லை அறியாத மீன்

சூரை இனத்தில் பல வகைகள் உண்டு. வரிச்சூரை சிறியது, விரைவில் வளர்ந்து விரைவில் முட்டையிடுவது. மஞ்சள் துடுப்புச் சூரை அதனினும் பெரியது. எல்லாவற்றிலும் பெரியது அட்லாண்டிக் கடலின் நீலத்துடுப்புச் சூரை. அது மூன்று மீட்டர் நீளமும் 600 கிலோவுக்கு மேற்பட்ட எடையும் எட்டக்கூடியது. மத்திய தரைக்கடலில் பிறந்த மீன் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கக் கரையோரம் இரை தேடுவதும் உண்டு.

இத்தகைய மீனை ஒரு நாடு தனியே சட்டம் இயற்றிக் காக்க இயலாது. ஆகவே நாடுகள் சேர்ந்து ஆணையங்களை அமைத்துக்கொண்டன. அட்லாண்டிக் சூரை மீன்களுக்கான உடன்படிக்கை 1966இல் ரியோ டி ஜனீரோவில் கையெழுத்தாகி, 1969இல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆணையத்தின் தலைமையகம் மாட்ரிட் நகரில் உள்ளது. இந்தியப் பெருங்கடலுக்கான ஆணையம் 1996 முதல் இயங்குகிறது. அதன் தலைமையகம் சீஷெல்ஸ் நாட்டின் விக்டோரியா நகரில் உள்ளது. இந்தியாவும் அதில் உறுப்பினர்.

முதலும் வட்டியும்

மீன் வளத்தை ஒரு முதலாகக் கொள்வோம். ஆண்டுதோறும் பிறந்து வளர்ந்து சேரும் மீன் அதன் வட்டி. வட்டியை மட்டும் எடுத்தால் முதல் குறையாது. ஆனால் இங்கே வட்டி விகிதம் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கடலில் மீன் நிறைந்திருந்தால் இரைக்குப் போட்டி மிகுந்து புது வளர்ச்சி குறைகிறது. மீன் மிகக் குறைந்துவிட்டாலோ முட்டையிடத் தாய் மீன்கள் போதுவதில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில்தான் வளர்ச்சி உச்சத்தை அடைகிறது. இக்கருத்துக்குக் கணித வடிவம் தந்து, 1954இல் ஆய்வு வெளியிட்டவர் மில்னர் ஷேஃபர் என்ற அமெரிக்க அறிஞர். கிழக்குப் பசிபிக் சூரை ஆணையத்தில் பணியாற்றியவர் அவர்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கடல் அதிகபட்சம் 1,00,000 டன் மீனைத் தாங்கும் என்றும், மீன் குறைவாக உள்ளபோது அதன் வளர்ச்சி வீதம் நூற்றுக்கு 40 என்றும் கொள்வோம். ஷேஃபரின் சமன்பாட்டின்படி, கடலில் 90,000 டன் மீன் இருக்கையில் ஆண்டு வளர்ச்சி 3,600 டன்தான். 50,000 டன் இருக்கையில் அது 10,000 டன். 20,000 டன் இருக்கையில் 6,400 டன். ஆக, பாதி நிலையில்தான் அறுவடை மிகுதி.

இனி, மீன் வளம் 20,000 டன்னாகக் குறைந்த நிலையிலும் பழைய வழக்கப்படி 10,000 டன் பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டு முடிவில் 16,400 டன் மிஞ்சும். இரண்டாம் ஆண்டு ஏறத்தாழ 11,900 டன். மூன்றாம் ஆண்டு 6,100 டன். நான்காம் ஆண்டில் பிடிப்பதற்கு 10,000 டன் மீனே இராது. அதற்கு மாறாக முதலாண்டில் 4,000 டன்னோடு நிறுத்தியிருந்தால் மீன் வளம் 22,400 டன்னாக உயர்ந்திருக்கும். விதைநெல்லைக் குத்தி உண்ட குடும்பத்தின் நிலை என்ன என்பதை உழவர் வீட்டில் பிறந்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

கடலில் எண்ணுவது எப்படி?

கணக்கு எளிது, கடலில் எத்தனை மீன் உள்ளது என்று அறிவதே கடினம். நீண்ட கயிற்றில் தூண்டில்களைத் தொங்கவிட்டுப் பிடிக்கும் கப்பல்களில், ஆயிரம் தூண்டிலுக்கு எத்தனை மீன் சிக்கியது என்று குறிக்கிறார்கள். அந்த எண் ஆண்டுதோறும் குறைந்தால் வளமும் குறைகிறது என்று ஊகிக்கலாம். மீனின் காதுக்கல்லில் உள்ள வளையங்களை எண்ணி, மரத்துக்குப் போல் அதற்கும் வயது கணிக்கிறார்கள். அடையாளச் சீட்டு பொருத்திக் கடலில் விட்டு, மீண்டும் பிடிபடும் மீன்களைக் கொண்டும் கணக்கிடுகிறார்கள்.

இவற்றில் ஓர் எச்சரிக்கை உண்டு. சூரை கூட்டமாக வாழும் மீன். மொத்த வளம் சரிந்த பிறகும் கூட்டம் கூட்டமாகவே திரியும். கருவிகளின் உதவியால் கூட்டத்தைக் கண்டுபிடித்துச் சுருக்குவலை இடும் கப்பலுக்கு வலை நிறைந்துகொண்டே இருக்கும். வலை நிறைவதைக் கண்டு கடலும் நிறைந்திருக்கிறது என்று எண்ணுவது தவறு.

அறிவுரையும் பேரமும்

2006ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள், கிழக்கு அட்லாண்டிக்கிலும் மத்திய தரைக்கடலிலும் நீலத்துடுப்பு மீன் பிடியை 15,000 டன்னுக்குள் நிறுத்த வேண்டும் என்றனர். 2007ஆம் ஆண்டுக்கு ஆணையம் வகுத்த வரம்போ 29,500 டன். அவ்வாண்டில் உண்மையில் பிடிபட்டது சுமார் 61,000 டன் என்று விஞ்ஞானிகள் பின்னர் மதிப்பிட்டனர். வலையில் சிக்கிய மீனை உயிரோடு கூண்டுகளுக்கு இழுத்துச் சென்று கொழுக்க வைத்ததால், பிடித்த எடை எவ்வளவு என்பதே தெளிவாகத் தெரியவில்லை. 2010இல் தோகா மாநாட்டில், இம்மீனின் பன்னாட்டு வணிகத்தையே தடை செய்ய மொனாக்கோ கொண்டுவந்த தீர்மானம் தோற்றது.

ஆயினும் கண்டனங்கள் வீண்போகவில்லை. 2010ஆம் ஆண்டுக்கான வரம்பு 13,500 டன்னாகக் குறைக்கப்பட்டது. சுருக்குவலைக்குரிய பருவம் ஒரு மாதமாகச் சுருங்கியது. கப்பலில் பார்வையாளர் அமர்த்தப்பட்டனர். சில விதிவிலக்குகள் நீங்கலாக, 30 கிலோவுக்குக் குறைந்த மீனைப் பிடிக்கக் கூடாது என்ற விதி கடுமையாக்கப்பட்டது. இம்மீன் நான்கு வயதளவில் ஏறக்குறைய அந்த எடையை எட்டித்தான் முட்டையிடத் தொடங்குகிறது. மீன் பெருகப் பெருக வரம்பும் படிப்படியாக உயர்ந்து, 2023 முதல் 2025 வரை ஆண்டுக்கு 40,570 டன் ஆயிற்று. அன்று விட்டுக்கொடுத்ததற்கு மேலாகவே கடல் திருப்பித் தந்தது எனலாம். 2022இல் இன்னொரு முன்னேற்றமும் ஏற்பட்டது. வளம் இவ்வளவு இருந்தால் வரம்பு இவ்வளவு என்ற விதியை முன்கூட்டியே ஒப்புக்கொண்டனர். ஆண்டுதோறும் பேரம் பேசும் வாய்ப்பு அதனால் குறைந்தது.

பங்கு யாருக்கு?

மொத்த வரம்பை முடிவு செய்தாலும் வழக்கு தீர்வதில்லை. இந்தியப் பெருங்கடலில் மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மேல் பிடிக்கப்பட்டு வளம் குன்றிவிட்டதாக 2015இல் மதிப்பிட்டனர். மறு ஆண்டே ஆணையம் பிடியைக் குறைக்கத் தீர்மானித்தது. 2021இல் வந்த கடுமையான தீர்மானத்துக்கு இந்தியா, இந்தோனேசியா, ஓமன் உள்ளிட்ட சில நாடுகள் மறுப்புத் தெரிவித்தன. மறுப்புத் தெரிவித்த நாட்டை அத்தீர்மானம் கட்டுப்படுத்தாது என்பது ஆணையத்தின் விதி.

இதைப் பொறுப்பின்மை என்று தள்ளிவிட முடியாது. கடந்த காலத்தில் அதிகம் பிடித்தவர்க்கு அதிகப் பங்கு என்றால், தொலைவிலிருந்து பெருங்கப்பல் அனுப்பிய நாடுகளுக்கே லாபம். சிறு படகில் தூண்டில் இடும் கரையோர மக்கள் அன்று குறைவாகப் பிடித்ததற்காக இன்றும் குறைவாகவே பெற வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் பங்கு குறித்த வழக்கு முடியும்வரை மீன் காத்திருக்காது என்பதும் அதே அளவு உண்மை. 2024ஆம் ஆண்டின் மதிப்பீடு இம்மீனின் நிலை தேறியிருப்பதாகக் கூறியது. பங்கீட்டுக்கு நேர்மையான வழி காண இது ஏற்ற தருணம்.

பிடி வரம்பைச் சிலர் மீனவருக்கு எதிரான விலங்கு என்று கருதுகின்றனர். மேலே கண்ட கணக்கு அதற்கு மாறானதைக் காட்டுகிறது. வரம்பு இல்லாத கடலில் முதலில் மறைவது மீன். அடுத்து மறைவது சிறு மீனவரின் பிழைப்பு. பெருங்கப்பல் வேறு கடலுக்குப் போய்விடும். கட்டுமரத்தால் போக முடியாது. ஆகவே வரம்பு வகுப்பதில் அறிவியலுக்குச் செவிசாய்ப்பதும், பங்கிடுவதில் நீதிக்குச் செவிசாய்ப்பதும் ஒருங்கே நடைபெற வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் மற்றொன்று நிலைக்காது.